அவர்கள் கேட்ட இரண்டு பக்கம்

புதன்கிழமை மத்தியானங்களில் எனக்கு ஓர் அறை இருந்தது. என்னுடைய அறை அல்ல. சுவிஸில், பேர்ண் ரயில் நிலையத்திலிருந்து ட்ராமில் நாலு தரிப்பு, ஒரு தையற்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் தையல் மெசின்களின் சத்தம் ஏறி வரும். மூடினால் ஹீட்டரின் சூடு தொண்டையைப் பிடிக்கும். நான் எழும்பித் திறப்பேன், யாராவது எழும்பி மூடுவார்கள், நான் திரும்பவும் திறப்பேன். ஓரிடத்தில் இருக்க முடியாத வயது. முப்பத்திமூன்று. இப்போது ஐம்பதைத் தொடப்போகிறேன், இன்னும் ஜன்னல்களைத் திறந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அறையை நடத்தியவர்கள் யூதப் பெண்கள், ஏழு பேர். குர்திஷ் பெண்கள், பொஸ்னியாப் பெண்கள், எங்கள் பெண்கள் எல்லாரும் கையில் ஒரு கடிதத்தோடு அந்தப் படிகளில் ஏறுவார்கள். பள்ளிக்கூடத்துக் கடிதம், வீட்டுக்காரனின் கடிதம், தஞ்ச அலுவலகத்தின் கடிதம். அந்த ஏழு பேரும் அதை வாசித்து, விளங்கப்படுத்தி, பதில் எழுதிக் கொடுப்பார்கள். விசாரணைக்குப் போகிறவளோடு ஒருவர் துணைக்குப் போய் வாசலில் காத்திருப்பார். தேநீர், முத்திரை, தூரத்திலிருந்து வருகிறவளுக்கு ரயில் டிக்கெட், பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள். இவ்வளவுக்கும் இன்னொரு நகரத்தில் இருந்த ஒரு நிதியம் வருடாவருடம் சின்ன உதவித்தொகை தந்தது. யூதப் பெண்கள் சேர்ந்து, தங்களைப் போன்ற சிறு குழுக்களுக்காக நடத்திய நிதியம். பெரிய கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அவர்கள் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஏதாவது செய்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள். பதிலுக்கு மாரி காலத்தில், பனி விழத் தொடங்கியதும், இரண்டு பக்கம் கேட்பார்கள். அறைக்கு வந்த ஒரு பெண்ணின் கதை. பெயரை மாற்றி எழுதலாம்.

நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டு அடுக்குகிறவள். என் சொந்தக் கடிதம் ஒன்றோடு ஏறிப்போய், மற்றத் தமிழ்ப் பெண்களின் கடிதங்களுக்கு மொழிபெயர்க்கவென்று அங்கேயே தங்கிவிட்டவள்.

ஏழு பேரிலும் மூத்தவரை நாங்கள் மருந்துக்கடை அம்மா என்போம். முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவர். எந்தக் கடிதத்தையும் கையை நீட்டிப் பிடித்து, டாக்டர் எழுதிய துண்டைப் பார்ப்பதுபோல் சந்தேகத்தோடுதான் வாசிப்பார். எங்களோடு அவர் பேசிய நிதானமான ஜெர்மன் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

அந்த வருடம் பத்திரிகைகளில் எல்லாம் பழைய வங்கிக் கணக்குகளைப் பற்றிய பேச்சு. யுத்தத்தில் கொல்லப்பட்ட யூதர்கள் சுவிஸ் வங்கிகளில் போட்டுவைத்த பணம், கேட்டு வந்த பிள்ளைகள். அந்தப் பேச்சுக் கூடக்கூட மருந்துக்கடை அம்மாவின் தபாற்பெட்டியில் கையெழுத்தில்லாத வசைக் கடிதங்கள் விழுந்தன. வாசித்து, மேலே திகதியைக் குறித்து, ஒரு கோப்பில் வைப்பார். "வாசல்ல இருக்கிற பெயர்ப்பலகையைக் கழட்டுங்கோ எண்டு மற்றவை சொல்லினம்," என்றார் ஒருநாள். "பேர் போடாமல் எழுதிறவைக்குப் பயந்து நான் ஏன் என்ர பேரைக் கழட்டவேணும்?" சொல்லிவிட்டு அன்றைக்குத் தேநீருக்குச் சீனி இரண்டு தரம் போட்டார்.

மன்னார்க்காரி எங்களிடம் வந்தது அதற்கு முந்திய வருடம். இருபத்தாறு வயது. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வெள்ளை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். தஞ்சம் கேட்டு முதல் விசாரணை முடிந்து, இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். புதன் அவளுக்கு லீவு. இரண்டு மணி ரயிலில் வந்து, கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"இந்த டிக்கெட்டுக் காசு ஆற்ற காசு அக்கா?"

"யூதப் பொம்பிளையளின்ர."

"பைபிள்ல வாற ஆக்களோ? அவையள் இன்னும் இருக்கினமோ? நான் பைபிளோட முடிஞ்சுதெண்டெல்லோ நினைச்சன்."

மருந்துக்கடை அம்மா என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்காமல் விட வழியில்லை, சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிக்கத்தான் பாத்தவை. முடியேல்லை எண்டு சொல்லுங்கோ."

மன்னார்க்காரி நாக்கைக் கடித்தாள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் மருந்துக்கடை அம்மாவின் ஆள். இரண்டாவது விசாரணைக்கு முன்பு அம்மா தன் கைப்பட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டார். 'இந்தப் பெண்ணை நான் அறிவேன். இவர் உண்மை பேசுகிறவர்.' அப்படி ஒரு வரியை அவர் வேறு யாருக்கும் எழுதியதில்லை.

இரண்டு பக்கம் எழுதும் வேலை அந்த மாரியில் என்னிடம் வந்தது. மன்னார்க்காரியிடம் கேட்டேன். புதன்புதனாக, மண்டரின் பழம் உரித்துக்கொண்டு, அவள் சொன்னாள். நான் குறிப்பெடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில், தமிழில் முதலில் எழுதினேன். எழுதும்போது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மனதிலிருந்து அவள் போய்விட்டாள், சொற்கள் வந்துவிட்டன.

அவளுடைய கரையில் சூரியன் கடலுக்குள் விழும். இரண்டு வருடம் அக்கரையில், இந்தியாவில், மண்டபத்து அகதி முகாமில் இருந்தாள். அங்கே சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். 'அதே கடல்தான். அவள்தான் மறுபக்கம்' என்று எழுதினேன். எழுதிவிட்டு எழும்பி நடந்தேன், திரும்ப வந்து வாசித்தேன், திரும்ப நடந்தேன். தட்டு அடுக்குகிற கைக்குள் இப்படி ஒரு வரி இருந்ததா? (அதை இங்கே எழுத அவள் விட்டாள். சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் கையில் வந்து கனகாலத்துக்குப் பிறகு, டெலிபோனில் கேட்டு, அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர் அடையாளங்கள் மாற்றியவை.)

அனுப்பமுதல் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம். இரண்டு புதன்கிழமைகள் இருந்தன. காட்டவில்லை. எதையாவது எடுக்கச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். பெயரை மட்டும் மாற்றினேன். அகராதியோடு மல்லுக்கட்டி ஜெர்மனில் பெயர்த்தேன், மருந்துக்கடை அம்மா இலக்கணத்தைச் சரிபார்த்தார், கடலைப் பற்றிய வரியில் பென்சிலை நிறுத்தி, "இதை நான் தொடேல்லை," என்றார். தபாலில் போட்டோம்.

தை மாதத்தில் ஒரு புதன், நிதியத்தின் பதில் வந்திருந்தது. கதை அவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. கோப்பில் தூங்க விடாமல் ஒரு சிறு புத்தகமாகப் போட்டு நாடு முழுக்க அனுப்பப் போகிறார்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழு பேரும் கைதட்டினார்கள். நான் ஜன்னலைத் திறந்தேன்.

இரண்டு மணி ரயிலில் மன்னார்க்காரி வந்தாள். மூச்சுவிடாமல் சொன்னேன்.

"எங்க, வாசியுங்கோவன் பாப்பம்," என்றாள். கைப்பையிலிருந்து தமிழ்த் தாளை எடுத்து வாசித்தேன். அவள் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கம் முடிவதற்குள் கை நின்றுவிட்டது.

"இந்தப் புத்தகம் எங்கயெல்லாம் போகும்?"

"சேர்ச்சுகளுக்கு. நூல்நிலையங்களுக்கு. அலுவலகங்களுக்கும்."

"எந்த அலுவலகத்துக்கு?"

"பேரை மாத்திப்போட்டன்தானே," என்றேன்.

"பேரோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்கட ஆக்கள் ஆர் அக்கா பேர் கேக்கிறது? எவடம், ஆற்ற மகள், அதைத்தானே கேப்பினம். உப்பளத்துக்குப் பக்கத்துக் கோயிலடி. மூண்டு வள்ளம் வச்சிருந்த சம்மாட்டியின்ர கடைசி மகள். இனி என்ன, என்ர படத்தையும் போட்டுவிடுங்கோவன்."

அவள் சொன்ன மூன்று வள்ளத்தையும் உப்பளத்தையும் மாற்றாமல் விட்டுவைத்தவள் நான்தான். ஊரில்லாமல் ஓர் ஆளை எழுத எனக்குத் தெரியாது. எங்களில் யாருக்குத் தெரியும்? பெயர் எங்களிடையே மேற்சட்டை மாதிரி. ஊரும் தகப்பனும்தான் தோல்.

அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. "முதல் விசாரணையில நான் இந்தியாக் கதையே எடுக்கேல்லை. எடுத்தா, அங்கயே இருந்திருக்கலாம்தானே எண்டு கேப்பினமாம், என்னை இஞ்ச கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொன்னவன். அந்த ரெண்டு வருசமும் வவுனியாவில மாமி வீட்டில இருந்தன் எண்டு சொல்லிப்போட்டன். விசாரணையில மொழிபெயர்க்க வாறதும் எங்கட ஆக்கள்தானே. ஒருத்தர் இதை வாசிச்சாக் காணும், நான் பிடிபட்டிடுவன்."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, முகம் அசையவில்லை. அறையின் மறுகோடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மருந்துக்கடை அம்மா திரும்பிப் பார்த்தார். "சந்தோசத்தில அழுறாவோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்," என்றேன் நான்.

மன்னார்க்காரிக்கு அந்த ஜெர்மன் விளங்கும். என்னைப் பார்த்தாள். உரித்த பழத்தை மேசையில் அப்படியே வைத்துவிட்டு நாலு மணி ரயிலுக்கும் நிற்காமல் போனாள்.

வியாழன் தட்டு அடுக்கினேன். வெள்ளி தட்டு அடுக்கினேன். வேலை முடிந்து ஐந்து மணிக்கு டெலிபோன் பெட்டியிலிருந்து மருந்துக்கடை அம்மாவுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. கால் மணி கழித்துத் திரும்பவும் அடித்தேன். அவர் வீட்டில்தான் இருப்பார், எடுக்கிறாரில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது, கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்தேன். அவரைப் புதன்கிழமைகளில் மட்டுமே அறிந்தவள் நான். வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும்வரை யூதர்களின் ஓய்வுநாள், அதில் அவர் டெலிபோனைத் தொடுவதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் வீட்டு மணியை அழுத்தினேன். திறந்தார், நல்ல உடுப்பு, முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. உள்ளே கூட்டிப்போனார். வெளியே பனியில் பட்ட வெயில் ஜன்னலால் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் மேசைக்கு மேலே விளக்கு எரிந்தது. எட்டு வருடம் சுவிஸ் சமையலறையில் வேலை செய்த கை என்னுடையது. பகலில் எரிகிற விளக்கைக் கண்டால் தானாகப் போகும். அணைத்துவிட்டு இருந்தேன். அவர் சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கிருந்தோ ஏற்கனவே சூடாக இருந்த தண்ணீரில் தேநீர் ஊற்றினார்.

"நீங்கள் இப்பவே நிதியத்துக்கு டெலிபோன் அடிக்கவேணும்," என்றேன். "அந்தக் கதை திங்கள் அச்சுக்குப் போகக் கூடாது."

"இண்டைக்கு நான் டெலிபோன் எடுக்கிறேல்லை. அங்கயும் ஒருத்தரும் எடுக்க மாட்டினம்." மணிக்கூட்டைப் பார்த்தார். "பொழுதுபட்டாப் பிறகு. அதுவரைக்கும் நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்."

மற்ற எந்த நாளாக இருந்தாலும் நான் பாதி சொன்னதுமே அவர் எழும்பியிருப்பார். பேனா, கடிதத்தாள், டெலிபோன். அவருடைய இரக்கம் எல்லாம் அவருடைய கைகளில்தான் இருந்தது. அன்றைக்குக் கைகளுக்கு வேலை இல்லை. மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நானும் ஓட முடியாமல் சொன்னேன். உப்பளம், வள்ளம், வவுனியா மாமி வீடு, புதன்கிழமை நான் சொன்ன "ஓம்".

வெயில் மேசையிலிருந்து இறங்கியது. நிலத்தில் கிடந்தது. போய்விட்டது. அவர் விளக்கைப் போடவில்லை. இருட்டில் வைத்துத் தண்டிக்கிறார் என்று நினைத்தேன்.

"விசாரணையில அவ சொன்னது பொய்," என்றார்.

"ஓம்."

"நீங்கள் எழுதினது உண்மை."

"ஓம்."

"அப்ப நான் அலுவலகத்துக்கு எழுதின வரி?"

கோப்பையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அந்த ஒரு வரியை அவர் திருப்பி எடுத்தால் மன்னார்க்காரி முடிந்தாள். எடுக்காவிட்டால் எழுபது வயதில், பொய்யென்று தெரிந்த ஒன்றுக்குக் கீழே, வாசலில் இருந்து கழற்ற மறுத்த அதே பெயர் இருக்கும். இரண்டையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தவள் நான். ஒரு அழகான வரிக்காக.

இருட்டிலிருந்து குரல் வந்தது. "அவவிட்டை ஏன் முதலே கேக்கேல்லை?"

"வேண்டாமெண்டு சொல்லிப்போடுவா எண்டு."

"சொல்லியிருக்க மாட்டா," என்றார். "எங்கட தேத்தண்ணியைக் குடிச்சு, எங்கட டிக்கெட்டில வந்துபோற பிள்ளை. எங்களுக்குக் கதை தரமாட்டன் எண்டு என்னெண்டு சொல்லுவா? வாசிச்சுக் காட்டியிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பா. அதைத்தான் நான் யோசிக்கிறன். இத்தனை வருசமாய் எத்தினை பேர் எங்களுக்குத் தலையாட்டிச்சினமோ."

அவர் எழும்பி ஜன்னலடியில் நின்று வானத்தில் நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு, ஓய்வுநாளை முடித்துவைக்கும் முறைப்படி, தீக்குச்சி கிழித்து, பின்னிய மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி, வாய்க்குள் ஏதோ சொன்னார். ஒரு சின்ன வெள்ளிப் பெட்டியை முகர்ந்துவிட்டு என்னிடமும் நீட்டினார். உள்ளே கராம்பு. மெழுகுதிரியை அணைத்து, சுவிட்சைப் போட்டார். வெளிச்சத்தில் கண் கூசியது.

"இனி எண்டாலும் இதை அணைக்காதையுங்கோ," என்றார்.

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"ஓய்வுநாளில நான் விளக்குப் போடக் கூடாது. சொல்லிப் போடவைக்கிறதும் வேலைதான்." சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. டெலிபோனை எடுத்தார்.

நிதியத்தின் செயலாளரோடு நாலைந்து வசனம்தான் பேசினார். கதையைத் திருப்பி எடுக்கிறோம். இல்லை, திருத்தம் அல்ல, முழுதாக. காரணமா? காரணம் என்னுடையது. வைத்துவிட்டு, அடுத்த நாள் தானே ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். இங்கு வருகிறவர்கள் கதை தந்துதான் தேநீர் குடிக்க வேண்டும் என்றில்லை, ஆகவே இந்த வருடம் எங்களிடம் கதை இல்லை என்று. அந்த வருடம் உதவித்தொகை கிடைத்தது. அடுத்த வருடம் கிடைக்கவில்லை. ஏன் என்று அவர்கள் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. ஏழு பேரும் அறையை விட்டுவிட்டு அவருடைய வீட்டு மேசையில் கடிதங்களை விரித்தார்கள்.

ஆனால் அவர் அலுவலகத்துக்கு எழுதிய வரி என்ன ஆனது? அதை நான் கேட்கப் பயந்தேன். இரண்டாவது விசாரணை நாளன்று நடைபாதையில் அவரோடு நானும் காத்திருந்தேன். மூன்று மணித்தியாலம். அவர் வாய்க்குள் புதினா மிட்டாய் ஒன்றை வைத்துக் கடிக்காமலே இருந்தார். மன்னார்க்காரி வெளியே வந்து என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள். "மொழிபெயர்க்க வந்தவர் முதல் கேட்டதே எவடமெண்டுதான்." பிறகு மருந்துக்கடை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். என் கையை அல்ல.

திரும்பும் ட்ராமில் அம்மா தானாகவே சொன்னார். "எழுதினதை எழுதினன். திருப்பி எடுக்கேல்லை, விட்டிட்டன். இனி அப்பிடி எழுத மாட்டன்." எழுதவுமில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் அவர் கொடுத்த கடிதம் ஒரே மாதிரித்தான் இருந்தது: இவரை எனக்கு இவ்வளவு காலமாகத் தெரியும், புதன்கிழமைகளில் வருவார். ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் அவருடைய பேனா கொஞ்சம் நின்று, போகும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இலையுதிர்காலத்தில் மன்னார்க்காரிக்கு எஃப் அட்டை வந்தது. இப்போதைக்கு இரு என்று சொல்லுகிற அட்டை. அதைக் காட்ட ஒரு புதன் வந்தாள். மாதக்கணக்காக வராதவள். எல்லாருக்கும் காட்டி, கேக் வெட்டிக் கொடுத்து, கடைசியாக என்னிடம் வந்தாள்.

"அந்தத் தமிழ்த் தாள் வச்சிருக்கிறீங்களோ?"

வைத்திருந்தேன். எரிக்கவேண்டியதை எரிக்கவில்லை, கைப்பைக்குள்ளேயே கொண்டு திரிந்தேன். வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுதாக வாசித்தாள். கடல் வருகிற இடத்தில் உதடு அசைந்தது.

"கிழிக்கப் போறீரோ?"

"கிழிக்கிறதோ? என்ர அம்மாவுக்கு அனுப்பப் போறன். முகாமில ரெண்டு வருசம் நான் என்னெண்டு இருந்தனெண்டு அவவுக்கு நான் ஒருநாளும் எழுதேல்லை. எனக்கு எழுத வராது."

சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில், தன்னைக் கைதூக்கிவிட்ட பெண்களுக்கு அவள் கண்ணீரோடு நன்றி சொல்லுவதாக நான் எழுதியிருந்தேன். நிதியம் அதை விரும்பும் என்று நினைத்து எழுதியது. அதை நேராக வெட்டினாள்.

"இது நான் சொன்னதில்லை அக்கா," என்றாள். துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, மிச்சத்தை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கினாள்.